இரத்தச் சோதனைச் சீட்டு ஜாதகமல்ல

இரத்தம் சோதித்த சீட்டை நம்மவர்கள் ஜாதகம் போலவே பாவிக்கிறார்கள். ஒரு எண் தடித்த எழுத்திலிருந்தால் சனி பிடித்ததாக நடுங்குவது. இல்லாவிட்டால் பெட்டியில் போட்டு மூடுவது.

அதில் கண்ட ‘சரியான அளவு’ பிரம்மா எழுதியதா? பெரும்பாலும், ஆரோக்கியமுள்ள அநேகரைச் சோதித்து, 100-க்கு 95 பேர் அடங்கும்படி மனிதன் போட்ட எல்லைதானே! ஆகவே நல்ல தேகமுள்ளவரிலும் 20-ல் ஒருவர் வெளியே நிற்பார். அற்ப வித்தியாசமானால் வைத்தியரிடம் காட்டி மறுபடி சோதிப்பதே முறை.

சர்க்கரை சங்கதி வேறு. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இரு தடவை கண்டால் நீரிழிவுதான். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. தறிக்குழியில் நாளெல்லாம் உட்காருகிற செவிலிமேட்டுத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும் குறைந்தால் இரத்தசோகை. “பெண் பிள்ளைக்கு இது சகஜம்” என்று தாயத்தைக் கட்டிவிட்டு, ஆண்கள் தின்ற மிச்சத்தைப் போட்டால் இரத்தம் எங்கிருந்து ஊறும் என்று கேட்கிறோம். இரும்புச்சத்துக் குறைவா, கொக்கிப்புழுவா, அதிக உதிரப்போக்கா என்று வைத்தியர் கண்டுபிடிக்கட்டும்.

2021 ஆகஸ்ட் 5-ல் துவங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தார் வாசலுக்கு வந்தால், பழைய சீட்டோடு வீட்டுப் பெண்களையும் முன்னே உட்கார வையுங்கள்.