ஈசாக்கு விட்டுச் சென்ற கிணறுகள்



தவக்காலத்தின் 3ஆம் ஞாயிறு நற்செய்தியில் ஆண்டவர் இயேசு வழிநடந்த களைப்போடு ஒரு கிணற்றங்கரையில் அமர்ந்திருக்கிறார். உச்சி வேளை. இறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. வேற்றினத்துப் பெண் ஒருவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். இந்தப் பகுதியை விளக்கும்போதெல்லாம் நாம் உடனே வாழ்வு தரும் தண்ணீருக்குத் தாவிவிடுகிறோம். இன்று சற்றுப் பொறுத்து, அந்தக் கிணற்றையே பார்ப்போம். யாக்கோபும் அவர் மக்களும் கால்நடைகளும் குடித்த கிணறு அது என்று அப்பெண்ணே சொல்கிறார். எத்தனையோ தலைமுறை கடந்தும் அதில் தண்ணீர் இருந்தது. யாக்கோபு தம் காலத்துக்குள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடவில்லை.

கிணற்றின் அருமை யாக்கோபுக்குத் தெரியாமல் இருக்குமா? அவருடைய தந்தை ஈசாக்கு பட்ட பாட்டைத் தொடக்கநூல் 26ஆம் அதிகாரம் சொல்கிறது. ஈசாக்கு கெரார் நாட்டில் விதைத்தார், நூறு மடங்கு அறுத்தார். விளைச்சலைக் கண்டவர்களுக்கு வயிறு எரிந்தது. அவர் தந்தை ஆபிரகாமின் காலத்துக் கிணறுகளை மண்ணைக் கொட்டித் தூர்த்தார்கள். ஈசாக்கு இடம் பெயர்ந்து போய் அவற்றை மீண்டும் தோண்டினார். பள்ளத்தாக்கில் நல்ல ஊற்று ஒன்று கிடைத்தது. கெரார் இடையர்கள் ‘இது எங்கள் தண்ணீர்’ என்று சண்டைக்கு வந்தார்கள். அந்தக் கிணற்றுக்கு ‘வாக்குவாதம்’ என்ற பொருளில் பெயரிட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்த கிணற்றுக்கும் சண்டை. அதற்குப் ‘பகை’ என்று பொருள்படும் பெயர். மூன்றாவது கிணற்றுக்கு யாரும் வரவில்லை. ‘அகன்ற இடம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்.

இதைப் படிக்கும்போது, எங்கள் பங்கு நிலத்து மோட்டார் கொட்டகைக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்ற கேள்வி எங்களுக்கு எழுகிறது. காரணம் இருக்கிறது.

எங்கள் ஆலயத்துக்கு மூன்று ஏக்கர் நிலம் உண்டு. முன்னோர் தானமாகக் கொடுத்தது. முதலில் திறந்த கிணறு. அது வற்றியதும் 180 அடியில் ஆழ்துளைக் கிணறு. அதுவும் கைவிட்டபின் 420 அடி. மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தோம். நள்ளிரவில் மின்சாரம் வந்தாலும் மோட்டார் ஓடும். வரப்பு வழிந்தாலும் பார்க்க ஆளில்லை. உழவுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் எவ்வளவு ஓடியது என்று யாரும் கணக்குக் கேட்பதும் இல்லை. (இலவச மின்சாரத்தை நாம் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சிறு விவசாயி என்றோ நிலத்தை விற்றிருப்பார்.)

முந்தைய ஆண்டு தவக்காலத்தில், அடுத்த வயலின் பெரியவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். நம் மதத்தவர் அல்லர். திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் வேறு எதையோ பேசினார். எழுந்திருக்கும்போதுதான், “சாமி, உங்க மோட்டார் ஓடுறப்ப எங்க கிணத்துல சேறுதான் தெரியுது” என்றார். அவருடையது 60 அடித் திறந்த கிணறு.

நாங்கள் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? “இந்த வருசம் மழை இல்லையே ஐயா, அதான்” என்றோம். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மழை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் நாங்கள் ஒளிந்துகொண்டோம். அந்தத் தவக்காலம் முழுவதும் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிப் போதித்தவர்களும் நாங்களே.

சட்டப்படி எங்கள்மேல் குற்றமில்லை. வெள்ளையர் 1882இல் இயற்றிய சட்டத்தின் வழியாக, தன் நிலத்தின் அடியில் உள்ள நீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்பதே இன்றுவரை நடைமுறை. ஆனால் பூமிக்கடியில் வரப்பு கிடையாது. படைப்பின் நலன்கள் எல்லாருக்கும் உரியவை, தனிச்சொத்துரிமை அதற்குக் கீழ்ப்பட்டது என்பது திருச்சபையின் பழமையான போதனை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல், பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்கிறது. இந்தப் போதனை பங்கு நிலத்துக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு குருவானவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஆன்றி த லோலானியே. பிரான்ஸ் நாட்டு இயேசு சபைக் குரு. சபையில் சேருமுன் வேளாண்மை படித்தவர். 1961இல் மடகாஸ்கருக்கு அனுப்பப்பட்டார். அங்கும் நம்மைப் போல நெல்லும் சோறும்தான். ஏழை உழவரின் வயலில், உரம் வாங்கப் பணமில்லாமல் எப்படி விளைச்சலைக் கூட்டுவது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உழவர்களைக் கவனித்தார். சிலர் கொத்துக் கொத்தாக நடாமல் ஒற்றை நாற்றாக நட்டார்கள். சிலர் வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்கவில்லை. இரண்டையும் குறித்துக்கொண்டார். 1983இல் மழை பொய்த்த நெருக்கடியில் 15 நாள் இளநாற்றைப் பிடுங்கி நட வேண்டியதாயிற்று. பயிர் எதிர்பாராதபடி தூர் கட்டியது. நெல் தண்ணீரைத் தாங்குமே தவிர, தண்ணீரிலேயே கிடக்க விரும்பும் பயிர் அல்ல என்று கண்டுகொண்டார். இளநாற்று, ஒற்றை நாற்று, சதுர இடைவெளி, காயவிட்டுப் பாய்ச்சுதல் என ஒரு முறை பிறந்தது. 1995இல் அவர் இறந்தார். அவர் மறைவுக்குப் பின்னரே அது உலகெங்கும் பரவியது. தமிழகத்தில் திருந்திய நெல் சாகுபடி என்று வேளாண் துறை சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அது ஒரு குருவானவரின் வயலில் முளைத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சென்ற சம்பாவில் ஒரு ஏக்கரில் அப்படி நட்டோம். கயிறு பிடித்து 25 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று. நட வந்த பெண்கள், “ஒத்த நாத்துல எப்படி சாமி வயிறு நிறையும்?” என்று சிரித்தார்கள். முதல் மாதம் வயல் மொட்டையாகக் கிடந்தது. பூசைக்கு வந்தவர்கள் தரிசா என்று கேட்டார்கள். களை அதிகம், உருளைக் களைக்கருவி தள்ளி இடுப்பு ஒடிந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. வாய்க்கால் நீர் வயல் விட்டு வயல் பாயும் டெல்டாப் பகுதியில் இதைச் செய்வது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மண்ணில் மயிரிழை போல வெடிப்பு கண்ட பிறகே தண்ணீர் பாய்ச்சினோம். தினமும் ஓடிய மோட்டார் நான்கைந்து நாளைக்கு ஒருமுறை ஓடியது. ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டோம். விளைச்சல் இரண்டு மூட்டை கூடியது. அது மழையின் தயவாகவும் இருக்கலாம். விளைச்சலைப் பற்றிய பெரிய எண்களில் விஞ்ஞானிகளே ஒத்துப்போவதில்லை.

பெரியவரின் கிணறு நிறைந்துவிடவில்லை. கார்த்திகை மழைக்குப் பிறகு, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் அளவுக்கு ஊறுகிறது. பயிருக்குப் போதாது. ஆகவே வாரம் இரண்டு நாள் எங்கள் குழாயை அவர் வயலுக்குத் திருப்புகிறோம். பங்குப் பேரவையில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. ஆலயச் சொத்தை வெளியாருக்கு இலவசமாகக் கொடுக்கலாமா என்கிறார்கள். 700 அடிக்கு இன்னொரு துளை போட்டால் இருவருக்கும் போதும் என்கிறார் ஒருவர். உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் கூடிப் பேசப்போகிறோம். அந்தக் கூட்டத்துக்குப் பெரியவரையும் அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்களுக்காகச் செபியுங்கள். இறைவன் உங்களையும் உங்கள் வயல்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.