மருந்தியல் கல்லூரி வாயிலில்



விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று பாருங்கள். ஆலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இளைஞரும் இளம்பெண்களும் தூக்கம் கலையாத கண்களோடு ஏறிக்கொள்வர். இராமாநுசர் அவதரித்த தலம் என்றே எங்கள் தலைமுறை இவ்வூரை அறிந்திருந்தது. 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர் ஊரின் முகமே மாறிற்று. இன்று ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும், சுங்குவார்சத்திரத்துப் பக்கம் கைப்பேசியும் குளிர்பதனப் பெட்டியும் உருவாகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஆலைக்குப் போவதோ, டிப்ளமோ முடித்து ஆலைக்குப் போவதோ இங்கே இயல்பு.

இந்தச் சூழலிலும் ஆண்டுதோறும் நாலைந்து பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். "சார், பார்மசி சேரப்போகிறேன். இண்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?" என்பது அவர்கள் கேள்வி. முப்பத்தைந்து ஆண்டுகள் வேதியியல் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். அரசு இடங்களுக்கு நீங்கள் அஞ்சுகிற நேர்காணல் என்று ஒன்று கிடையாது. பி.பார்ம் நான்காண்டுப் படிப்பு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் அரசே அதை நடத்துகிறது. தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் உண்டு. இவை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் கொண்டே கலந்தாய்வின் வழியே நிரப்பப்படுகின்றன. அதற்கு நீட் தேர்வும் வேண்டுவதில்லை. ஊரார் 'கவுன்சிலிங்' என்று சொல்வதும் 'இண்டர்வியூ' என்று சொல்வதும் பெரும்பாலும் இதையே. அங்கே உங்கள் அறிவைச் சோதிப்பவர் ஒருவருமில்லை, சான்றிதழ்களைத்தான் சோதிப்பர்.

அதற்காக அதை எளிதென்று எண்ணிவிடாதீர்கள். நான் கண்டவரையில் பிள்ளைகள் இடறி விழுவது வேதியியலில் அன்று, தலைப்பெழுத்தில்! பள்ளிச் சான்றில் தந்தை பெயர் ஒருவிதமாக இருக்கும், சாதிச் சான்றிதழில் வேறுவிதமாக இருக்கும். ஒன்றில் ஒரு தலைப்பெழுத்து, மற்றொன்றில் இரண்டு. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்பிடச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று ஆகிய அனைத்தையும் ஒரு மாலை மேசைமேல் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே இ-சேவை மையத்துக்கு நடையைக் கட்டுங்கள்.

நேர்காணல் மதிப்பெண் இல்லாமற்போனது ஓர் இழப்பு என்று கருதுவோரும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. 1970–71இல் நம் மாநிலத்து மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண். அதில் 75 நேர்காணலுக்கு. ஒருவருக்குக் கிடைத்த நேரமோ ஏறக்குறைய மூன்று நிமிடம். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்து, இவ்வளவு மதிப்பெண் மிகையாகத் தோன்றுகிறது என்றது. பின்னர் 1980இல், ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியற் கல்லூரியைப் பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், கல்லூரிச் சேர்க்கைக்கான நேர்காணலுக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஒதுக்குவது தகாது என்று கூறிற்று. இளமையில் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது நானும் அத்தகைய மூன்று நிமிடத்தை அனுபவித்திருக்கிறேன். தந்தையார் என்ன செய்கிறார் என்றனர், நெசவு என்றேன். தலையசைத்து அனுப்பிவிட்டனர். பாடத்தில் ஒரு கேள்வியும் இல்லை. அவ்வாண்டு எனக்கு அங்கே இடமும் இல்லை.

இனித் தனியார் கல்லூரிகளுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் வருவோம். நிருவாக இடங்களுக்கு வரும் மாணவரை முதல்வரும் ஓரிரு பேராசிரியரும் அழைத்துப் பத்து நிமிடம் பேசிப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எந்தப் பாடம் பிடிக்கும், விடுதியா வீடா, கட்டணத்துக்கு என்ன ஏற்பாடு என்று பேச்சு தொடங்கும். டி.பார்முக்கும் பி.பார்முக்கும் வேறுபாடு தெரியுமா என்று பார்ப்பர். டி.பார்ம் இரண்டாண்டு, அதன்பின் ஐந்நூறு மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் உண்டு. பார்ம்.டி என்பது 2008இல் வந்த ஆறாண்டுப் படிப்பு. இறுதியாண்டு மருத்துவமனையில் கழியும். பாடத்திலிருந்து கேட்டால் அடிப்படையானதைத்தான் கேட்பர்: அமிலம், காரம், கரைதிறன், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஹைட்ராக்சி சேர்மங்கள்.

எல்லாரும் நடுங்குவது ஒரு கேள்விக்குத்தான்: "ஏன் பார்மசி?" மனப்பாடம் செய்த விடையைப் பேராசிரியர்கள் நூறு முறை கேட்டிருக்கிறார்கள். "மக்களுக்குச் சேவை செய்ய" என்று நீங்கள் வாயெடுக்கும் முன்பே அவர்கள் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். நீட் எழுதி மருத்துவ இடம் கிடைக்காமல் வந்தவர் பலர். அதை மறைக்க வேண்டா. "மருத்துவம் கிடைக்கவில்லை, அதன்பிறகு இதைப் பற்றி விசாரித்தேன், விசாரித்ததில் இன்னது தெரிந்தது" என்று சொல்லுங்கள். அந்த மூன்றாவது பகுதியைத்தான் அவர்கள் கேட்கக் காத்திருக்கிறார்கள். அது இல்லாதவர்க்கு முதலிரண்டும் உதவா.

சென்ற 2025ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த சில நாள்களில் ஒரு பெண் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தாள். அவள் பெயர் வேண்டா. தந்தை ஒரகடத்தில் உதிரிபாக ஆலையொன்றில் வேலை செய்பவர். முதல் நாள் ஒரு கல்லூரியில் அவளை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். "எந்த ஊர்?" என்று கேட்டார்களாம். "சுங்குவார்சத்திரம்" என்றாளாம். கேட்டவர் சற்றே சிரித்து, "ஓ, அந்த இருமல் மருந்து ஊரா?" என்றாராம். அவளுக்கு அதன்மேல் பேச்சே எழவில்லை. அடுத்துக் கேட்டவற்றுக்கும் தெரிந்த விடையைச் சொல்ல வரவில்லை. "நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் சார்?" என்று கேட்டாள்.

நேயர்கள் செய்தியை அறிவீர்கள். சுங்குவார்சத்திரத்தில் இயங்கிவந்த ஒரு சிறிய மருந்து ஆலை கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைச் செய்துவந்தது. அதைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா வட்டாரத்தில் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள். பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அக்டோபர்த் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அம்மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. இருக்கத்தக்க வரம்போ 0.1 சதவீதம். ஆலையின் உரிமம் இரத்தாயிற்று, உரிமையாளர் கைதானார்.

அது எப்படிப்பட்ட பொருள் என்பதைச் சொல்லவேண்டும். இருமல் மருந்து கூழாக, இனிப்பாக இருக்க கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் முதலியவற்றைச் சேர்ப்பர். டைஎத்திலீன் கிளைக்காலும் அவற்றைப் போலவே நிறமற்றது, தடித்தது, இனிப்பது. விலையும் குறைவு. வண்டிகளின் பிரேக் திரவத்திலும் குளிர்விப்பானிலும் பயன்படுவது. உடலுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு மருந்தை இதில் கரைத்து விற்றனர். அந்த ஆலையின் வேதியியலார் சுவை பார்த்தார், மணம் பார்த்தார், தோற்றம் பார்த்தார். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாக 1938இல் அந்நாட்டில் புதிய மருந்துச் சட்டம் வந்தது. 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரினால் பதினான்கு பேர் மாண்டனர். நீதிபதி லெண்டின் விசாரித்தார். அதற்கும் முன்பே, 1972இல், நம் சென்னையிலேயே இந்நஞ்சுக்குக் குழந்தைகள் இரையாகியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பொருள் ஒன்றே, தவறும் ஒன்றே.  உரிய சோதனை செய்யவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதற்கு வழி சொல்லாமல் இல்லை. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, தகுதி பெற்றவர் மேற்பார்வையில்தான் மருந்து செய்ய வேண்டும். சோதனைப் பிரிவின் தலைவர் உற்பத்திப் பிரிவின் தலைவருக்குக் கட்டுப்பட்டவராக இருத்தலாகாது. ஏனெனில், "இன்று மாலைக்குள் சரக்கு போக வேண்டும்" என்று உற்பத்தியாளர் சொல்லும்போது, "சோதனை முடியவில்லை, கையெழுத்திட மாட்டேன்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த நாற்காலியில் அமரக்கூடியவர்களுள் பி.பார்ம் படித்தவரும் ஒருவர். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் படிப்பு என்று அதைக் குறைவாகப் பேசுவோர் இதை எண்ணுவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் முதலில் ஓர் அழகான வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். வாழ்நாளெல்லாம் ஆசிரியனாக இருந்த பழக்கம். அவள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "இது நீங்கள் பேசுவதுபோல இருக்கிறது சார்" என்றாள். உண்மைதான். பிறகு மேற்சொன்ன செய்திகளையெல்லாம் அவளோடு இருந்து படித்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் கிளிசரினின் வாய்பாட்டை எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் டைஎத்திலீன் கிளைக்காலின் வாய்பாட்டை எழுதிக்கொண்டாள். "அந்த ஆலை இருக்கிற தெரு வழியாகத்தான் சார் நான் டியூஷனுக்குப் போவேன்" என்று ஒருமுறை சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் வேறொரு கல்லூரிக்குப் போனாள். ஊர்ப் பெயரை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லையாம். விடுதியா, வீட்டிலிருந்து வருகிறாயா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பின்னர், "ஏன் பார்மசி?" என்று வந்தது. "எங்கள் ஊர் சுங்குவார்சத்திரம் சார்" என்று அவளே தொடங்கியிருக்கிறாள். மூவரும் நிமிர்ந்து பார்த்தனராம். மூத்த பேராசிரியை ஒருவர், "கிளிசரின் பீப்பாய் வருகிறது, சீட்டெல்லாம் சரியாக இருக்கிறது. உள்ளே இருப்பது கிளிசரின்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேட்டாராம். "பார்த்தும் முகர்ந்தும் சொல்ல முடியாது மேடம். சோதித்துத்தான் சொல்ல வேண்டும்" என்றாளாம். "என்ன சோதனை?" "வாயு நிறப்பிரிகை என்று படித்தேன். செய்து பார்த்ததில்லை, அந்தக் கருவியையும் பார்த்ததில்லை." அம்மையார் அக்கருவி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கைகாட்டி, போகும்போது சாளரத்தின் வழியே பார்த்துவிட்டுப் போ என்றாராம்.

இடம் அன்றே கிடைத்துவிடவில்லை. மாற்றுச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்து ஒன்று, சாதிச் சான்றிதழில் இரண்டு! நான் எத்தனை முறை சொன்னேன், கேட்டால்தானே? திருத்தி வாங்கிவர ஒன்பது நாளாயிற்று. பத்தாம் நாள் சேர்ந்தாள்.