மடை என்னும் சொல்லும் கடைமடை உரிமையும்

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சொல்லைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். அரசியல் மேடையிற் சொல்லாராய்ச்சி எதற்கு என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நீதிமன்றங்களிற் காணி வழக்காடுவோர்க்கு அந்த ஐயம் எழுவதில்லை. உறுதியில் எழுதப்பட்டிருப்பது வாய்க்காலா, வாய்க்கால் வரம்பா என்ற ஒரு சொல்லிலே ஒரு குடும்பத்தின் வயல் நிற்பதும் உண்டு, போவதும் உண்டு. நீர் விடும் வாயிலுக்கு நாம் வழங்கும் சொற்களும் அத்தகையனவே.

முதலில் மடை. நீர் பாயும் வாயிலுக்கும் மடை என்கிறோம்; தெய்வத்துக்குப் படைக்கும் உணவுக்கும் மடை என்கிறோம். கோயிலிற் சமையல் நடக்கும் இடம் மடைப்பள்ளி. வன்னி நாட்டார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு மடைப்பண்டம் எடுத்து வரும் வழக்கத்தை அறியாதார் இங்கு இரார். நீருக்கும் சோற்றுக்கும் ஒரே பெயர் எங்ஙனம் வந்தது? மடுத்தல் என்னும் வினையை நோக்குக. உட்கொள்ளுதல், உட்செலுத்துதல், நிறைத்தல் என்பன அதன் பொருள்கள். செவிமடுத்தல் என்றால் செவிக்குள் வாங்குதல். நீர் நிறைந்து கிடக்கும் ஆழமான பள்ளம் மடு. இரணை என்பது இரட்டை. எனவே இரணைமடு என்ற பெயரிலேயே அந்த நிலத்தின் பழைய தோற்றம் எழுதப்பட்டிருக்கிறது. வயலுக்கு ஊட்டுவது மடை, தெய்வத்துக்கு ஊட்டுவதும் மடை என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மடையை வெறும் கதவாக நினைப்பவர்கள் இந்த ஊட்டுதல் என்னும் பொருளை மறந்தவர்கள்.

இவ்விடத்தில் ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடுவோம். வெள்ளக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து நீருள் மூழ்கி மடை திறந்தவனே மடையன் என்றும், அந்தத் தியாகியின் பெயரைப் பிற்காலத்தார் வசைமொழியாக்கி விட்டனர் என்றும் ஒரு கதை இந்நாளில் ஊரெங்கும் உலவுகிறது. கேட்பதற்கு உருக்கமான கதைதான். ஆனால் சான்று வேண்டாமா? பழைய வழக்கில் மடையன் என்றால் சமையற்காரன். மடைத்தொழில் என்றால் சமையற்றொழில். அறிவிலி என்ற பொருளிலே வரும் மடையன், மடமை என்னும் வேறு சொல்லின் வழியது. மூழ்கி மடை திறந்த தொழிலாளர் உண்மையாகவே இருந்தனர். அவர்களுடைய பெருமையை நிறுவுவதற்குப் பொய்யான சொற்பிறப்பு எதற்கு?

இத்தகைய கதைகட்டும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. சிங்கள மக்கள் பழைய குளங்களின் அணைக்கட்டில் நீரின் விசையை அடக்குவதற்காகக் கட்டப்பட்ட கற்கிணற்றைப் பிசோகொட்டுவ என்பர். பிசோ என்றால் அரசி. ஆகவே அரசி நீராடிய கோட்டம் என்று அதற்குக் கதை பிறந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பண்டைய இலங்கை பற்றிய நூலிலே, நீர் கீழிறங்கும் அடைப்பு என்று அச்சொல்லுக்கு வேறு பொருள் கண்டார். பிற்கால நீர்த்தேக்கங்களின் அடைப்புக் கோபுரங்களுக்கு அதுவே முன்னோடி என்றும் எழுதினார். அரசியை இழந்ததனால் அந்தக் கட்டடத்தின் பெருமை குறைந்ததா? இல்லை, கட்டியவர்களின் அறிவு வெளிப்பட்டது.

அடுத்து மதகு. குளத்து நீர்வாயிலை அச்சொல் குறிக்கும். ஆறில்லாத யாழ்ப்பாணத்திலோ வீதியின் குறுக்கே மழைநீர் ஓடும் சிறு பாலமே மதகு. மதவு என்பாரும் உளர். மாலையில் மதவடியிற் கூடி உலக அரசியல் பேசும் இளைஞர்க்கு அதுவே பாராளுமன்றம்.

வன்னியிலும் கிழக்கிலும் குளத்திலிருந்து வாய்க்காலுக்கு நீர் விடும் வாயில் துருசு எனப்படும். நாட்டு மருந்துக் கடையில் துருசு கேட்டால் மயில்துத்தத்தைத் தருவார்கள்! மிகை நீரை வெளியேற்றும் இடம் வான். தமிழகத்தார் அதனைக் கலிங்கு என்பர். குளம் வான் பாய்கிறது என்று நாம் சொல்லும் அதே வான் சிங்களத்திலும் வழங்குகிறது. அவர்களும் வான்கதவை வான் தொரட்டு என்றே சொல்கிறார்கள். இரண்டு மொழியாரும் ஒரே வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள் அல்லரோ?

அன்பர்களே! துருசும் வானும் ஒன்றல்ல. துருசைத் திறப்பது பயிருக்காக. வானைத் திறப்பது அணையைக் காப்பதற்காக. துருசு உரிய நாளில் திறக்கப்பட வேண்டும் என்பது உழவனின் உரிமை. வான்கதவு திறக்கப்படுமுன் கீழே குடியிருப்போருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது அதிகாரியின் கடமை. 2018 டிசம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியபோது, இரணைமடுவின் வான்கதவுகள் எந்த நேரத்தில், எவ்வளவு திறக்கப்பட்டன என்பதே பெருங் கேள்வியாயிற்று. குளத்தைத் திறந்துவிட்டார்கள் என்று பொதுப்படச் சொல்லுவதனால் அத்தகைய கேள்விக்கு விடை கிடைக்காது. எந்தக் கதவு, எந்த நேரம், எத்தனை அடி என்று கேட்டால் மட்டுமே பொறுப்பு ஒருவர் தலையில் வந்து நிற்கும்.

சட்டமும் இதற்கு இடந்தருகிறது. 1856ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசு, நெல்வயல் நீர்ப்பாசனம் பற்றிய பழைய ஊர்வழக்கங்களுக்கு மீண்டும் உயிரளிக்கக் கட்டளைச் சட்டம் இயற்றியது. அந்நியன்கூட நம் வழக்கத்தை அழித்துக் குளத்தை ஆள முடியாதென்று கண்டான். 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், வயலுடையோரும் செய்கையாளரும் கூட்டங் கூடிப் பெரும்பான்மையால் முடிவு செய்ய வழி வகுத்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தபோது வட்டவிதானையின் பழைய பதவி ஒழிந்தது. கிழக்கிலங்கை ஊர்களில் அந்தப் பெயர் மட்டும் ஒழியவில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தமோ நீர்ப்பாசனத்தை மாகாணங்களுக்கு அளித்து, ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களூடாக ஓடும் ஆறுகளின் திட்டங்களை மட்டும் விலக்கிற்று. அந்த விலக்கின் வழியேதான் மகாவலி மத்தியின் கையில் இருக்கிறது. அதிகாரம் பகிரப்பட்டது என்போரிடம் கேளுங்கள்: பெரிய மதகின் திறப்பு யாரிடம் இருக்கிறது?

இனிக் கடைமடை. வாய்க்காலின் தொடக்கத்தில் இருப்பவன் தலைமடையான், முடிவில் இருப்பவன் கடைமடையான். தலைமடையான் நீரை முதலிற் காண்பவன். கடைமடையான் மிஞ்சியதைக் காண்பவன். கல்லோயாத் திட்டத்தின் இடது கரையில் தலைமடையிற் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றத்தார், கடைமடையிலே தமிழர் என்ற நிலை அமைந்தது. 1981இல் அங்கே விவசாயிகள் அமைப்புகள் தோன்றிய பின், மேலிருந்த சிங்கள உழவர்கள் தமக்குள்ளே முறைவைத்து நீரை மிச்சப்படுத்திக் கீழே இருந்தவர்களுக்கு அனுப்பினர். நோர்மன் அப்ஹொஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1992இல் வெளியான தமது நூலில் இதனைப் பதிந்திருக்கிறார். நாட்டின் அரசியல் எரிந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது! இதனை நாம் மறைக்கத் தேவையில்லை. உழவனுக்கு உழவன் செய்த நியாயத்தை அரசு ஏன் சட்டமாக்கவில்லை என்று கேட்பதே நம் வேலை.

நியாயம் நமக்கும் பொதுவானது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் மூடினர். குடிநீர்த் திட்டக் கோரிக்கையொன்று அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. கீழே வறண்டவை சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவினத்தாரின் வயல்கள். அரசு படையை அனுப்பியது. அங்கே மூண்ட போர் 2009 மே வரை எரிந்தது. கோரிக்கை எத்துணை நியாயமாயினும் கடைமடையானின் நீரை நிறுத்துவதற்கு நம் வழக்கத்தில் இடமில்லை. இதை இந்த மேடையிற் சொல்லச் சிலர் தயங்குவர், நாம் தயங்கவில்லை. கடைமடையான் உரிமையை நமக்காகக் கேட்கிறவர்கள் பிறனுக்கும் அதனை மறுக்க முடியாது.

வரும் காலபோகக் கூட்டத்துக்கு எல்லோரும் செல்லுங்கள். எந்தத் துருசு எந்த நாளிற் திறக்கப்படும், எத்தனை நாளுக்கொருமுறை கடைமடைக்கு நீர் வரும், வான்கதவு திறக்குமுன் எவருக்கு எவ்வாறு அறிவிப்பர் என்ற மூன்றையும் கூட்டக் குறிப்பிலே தமிழில் எழுதச் சொல்லுங்கள். துருசைத் துருசு என்றும், வானை வான் என்றும் எழுதச் சொல்லுங்கள். வாசித்துப் பார்க்காமற் கையொப்பமிட வேண்டாம். அக்குறிப்பின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி, உங்கள் காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள்.