விளையாட்டுக்குத் தலைமை யார்? ஐவி லீக் தரும் பாடம்



"விளையாட்டில் இறங்கினால் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும்" என்று அஞ்சும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள எட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்த அச்சத்துக்கு ஓர் அமைப்பின் வழியாகவே பதில் தேடின. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, கார்னெல், பிரவுன், டார்ட்மத், பென்சில்வேனியா ஆகியவை இணைந்த 'ஐவி லீக்'தான் அது.

1852-இல் ஹார்வர்டும் யேலும் படகுப் போட்டியில் மோதின. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி அதுவே. 1945-இல் எட்டுப் பல்கலைக்கழகங்களும் அமெரிக்கக் காற்பந்துக்காக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1954-இல் அது மற்ற விளையாட்டுகளுக்கும் விரிந்தது.

இந்தச் சங்கத்தின் இறுதி அதிகாரம் பயிற்றுநர்களிடம் இல்லை. எட்டுப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடும் மன்றமே முடிவெடுக்கிறது. அன்றாடப் பணிகளை நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகரிலுள்ள அலுவலகம், ஒரு செயல் இயக்குநரின் கீழ் கவனிக்கிறது.

இவர்களின் முக்கிய விதி, விளையாட்டுத் திறனுக்காக உபகாரச் சம்பளம் இல்லை என்பதே. குடும்பத்தின் வசதியைப் பார்த்தே நிதியுதவி தருகிறார்கள். அதனால் ஒரு மாணவர் காயம்பட்டு ஆட்டத்தை விட்டாலும் அந்த உதவி பறிபோவதில்லை. சேர்க்கையிலும் விளையாட்டாளர்களின் கல்வித் தகுதியை ஒரு குறியீட்டின்படி அளக்கிறார்கள்.

கொள்கை என்றால் விலையும் உண்டு அல்லவா? முழு உபகாரச் சம்பளம் தரும் பல்கலைக்கழகங்களை நாடித் திறமைசாலிகள் சிலர் போய்விடுகிறார்கள். கொவிட் காலத்தில், 2020-21 பருவத்தில், கூடைப்பந்து ஆட்டங்களை மன்றம் முழுவதுமாக ரத்து செய்தது. இறுதியாண்டு மாணவர்களின் கடைசி வாய்ப்பு கண்முன்னே கரைந்தது. பட்டம் பெற்றபின் ஆட அனுமதிக்காத வழக்கத்தை, 2021-இல் அவர்களுக்காக ஒரு முறை மட்டும் மன்றம் தளர்த்தியது.

2025-இல் விளையாட்டு வருமானத்தை மாணவர்களோடு நேரடியாகப் பகிர அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வழி பிறந்தது. ஐவி லீக் அதில் சேரவில்லை. ஆனால் காற்பந்திலும் தேசிய வெற்றியாளர் சுற்றில் 2025 பருவம் முதல் ஆடத் தன் அணிகளுக்கு 2024 டிசம்பரில் அனுமதி தந்தது. அடிப்படையைக் காத்துக்கொண்டே மாறவேண்டியதில் மாறியிருக்கிறார்கள்.

நேயர்களே, பிள்ளையை ஒரு விளையாட்டுச் சங்கத்தில் சேர்க்குமுன் எத்தனை கோப்பை வென்றார்கள் என்று விசாரிக்கிறோம். முடிவெடுப்பது யார், பிள்ளைக்குக் கால் முறிந்தால் அவன் படிப்பு என்னவாகும் என்றும் கேட்போம். அந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் இருக்கும் சங்கத்தில் தைரியமாகச் சேர்க்கலாம்.