ஆலை ஓரிடம், வரி ஓரிடம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் ஒரு நகரத்தின் கணக்குப் புத்தகம். கணக்கு என்றதும் எழுந்து போகலாமா என்று கமக்கார நண்பர்கள் சிலர் யோசிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுத்திருக்கும்படி வேண்டுகிறோம். இக்கணக்கில் காணியும் வருகிறது, எல்லை வேலியும் வருகிறது. உத்தியோகத்தர்களுக்கு நாம் அழைப்பு விடுக்க வேண்டியதில்லை. உபகாரச் சம்பளத்தைப் பற்றிய பேச்சும் உண்டு என்று சொன்னாலே போதும்.

அமெரிக்காவில் மிச்சிக்கன் மாநிலத்திலே டெட்ரோயிற் என்றொரு நகரம் உண்டு. உலகத்தின் வீதிகளில் மோட்டார் வாகனங்களை ஓடவிட்ட நகரம் அது. அந்நகரம் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18ஆம் திகதி, தான் வங்குரோத்து அடைந்துவிட்டதாக நீதிமன்றத்திலே மனுச் செய்தது. கடன் ஏறக்குறைய 1,800 கோடி டொலர். அந்த நாட்டிலே அதற்கு முன் எந்த மாநகரமும் அவ்வளவு பெரிய கடன் சுமையோடு நீதிமன்றப் படி ஏறியதில்லை. அவ்வேளை நகரின் வீதி விளக்குகளில் நூற்றுக்கு 40 எரியவில்லை.

ஏன் இந்த நிலை வந்தது? ஊழல் என்பர் சிலர். ஊழல் இருந்தது உண்மையே. முன்னாள் நகர முதல்வர் ஒருவரை அதே 2013இல் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. தொழிற் சங்கங்களின் பேராசை என்பர் வேறு சிலர். 1967ஆம் ஆண்டுக் கலவரம் என்பாரும் உளர். 43 பேர் மாண்ட கொடிய கலவரம் அது. ஆனால் கணக்கைப் பின்னோக்கிப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. 1947க்கும் 1963க்கும் இடையிலேயே அந்நகரம் 1,34,000 கைத்தொழில் வேலைகளை இழந்துவிட்டது. கலவரத்துக்கு முன்பே, கடனுக்கு முன்பே, ஊழலுக்கு முன்பே வேலை போய்விட்டது.

1950இலே டெட்ரோயிற்றின் சனத்தொகை 18,49,568. அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரம். 2010இல் 7,13,777 பேர்; 2020இல் 6,39,111 பேர். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் போய்விட்டனர். நகரத்தின் பரப்போ மாறவில்லை. அதே 139 சதுர மைல். அதே நீளமான வீதிகள், அதே நீர்க்குழாய்கள், அதே தீயணைப்பு நிலையங்கள். பதினெட்டு இலட்சம் பேர் தோளில் இருந்த காவடியை ஏழு இலட்சம் பேர் தூக்க வேண்டியதாயிற்று. அவர்களோ எஞ்சியவர்களுள் ஏழைகள்.

போனவர் யார், எஞ்சியவர் யார் என்பதையும் சொல்லவேண்டும். தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்களுக்குக் காணி விற்கலாகாது என்று காணி உறுதிகளிலேயே நிபந்தனை எழுதியிருந்த காலம் அது. அந்நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தபோது, அத்தீர்ப்பில் அடங்கிய வழக்குகளில் ஒன்று டெட்ரோயிற்றிலிருந்து சென்றதாகும். தீர்ப்பு வந்தது, வழக்கம் ஒரு நாளில் மாறவில்லை. வெள்ளையர் புறநகருக்குப் போகும்போது வேலையும் அவர்களோடு புறநகருக்குப் போயிற்று. போக விடப்படாதவர்கள் வேலையற்ற நகரத்திலே வரி இறுப்போராக எஞ்சினர்.

இங்கேதான் வேலியின் கதை வருகிறது. டெட்ரோயிற் நகரின் நடுவயிற்றிலே ஹைலண்ட் பார்க் என்றொரு சிறு நகரம் உண்டு. நாற்புறமும் பெரும்பாலும் டெட்ரோயிற்றே சூழ்ந்திருப்பினும் அது தனி நகரம். தனிச் சபை, தனி வரி. போர்ட் கம்பனி உலகப் புகழ்பெற்ற தனது நகரும் பொருத்து வரிசையை 1913இல் அமைத்தது அங்கேதான். 1914இல் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஐந்து டொலர் கொடுத்ததும் அங்கேதான். பின்னர் அக்கம்பனி கட்டிய மாபெரும் ரூஜ் ஆலை டியர்போர்ண் என்னும் அயல் நகரில் எழுந்தது. டெட்ரோயிற்றின் அதிசயம் என்று உலகம் கொண்டாடிய இரண்டு ஆலைகளும் டெட்ரோயிற்றின் வரி இடாப்பிலே இல்லை! தொழிலாளி டெட்ரோயிற்றில் உறங்கினான். அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் அவன் வீட்டுக்கு நீரும் டெட்ரோயிற் கொடுத்தது. ஆலையின் ஆதன வரியை அயலூர் வாங்கிக்கொண்டது. ஒரு காணியிலே தண்ணீர் இறைக்க, அடுத்த காணியிலே பயிர் விளைந்தது என்று சொன்னால் கமக்கார நண்பர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆலையை வைத்திருந்த ஊர் வாழ்ந்ததா என்றால், அதுவும் இல்லை. ஹைலண்ட் பார்க்கில் 1930இல் ஏறக்குறைய 53,000 பேர் இருந்தனர். 2020இல் ஒன்பதினாயிரம் பேர்கூட இல்லை. மின்சாரக் கடனைத் தீர்க்க வழியின்றி, 2011இல் அந்நகரத்தின் வீதி விளக்குகளில் பெரும்பகுதி கம்பத்தோடு கழற்றி எடுக்கப்பட்டது. விளக்கு எரியாதிருப்பது ஒன்று. விளக்கே இல்லாதிருப்பது வேறொன்று.

வருமானம் குறையத் தொடங்கியதும் டெட்ரோயிற் நகரசபை என்ன செய்தது? 1962இல் வருமானத்தின் மீது நூற்றுக்கு ஒரு வீதம் நகர வரி விதித்தது. (நமது நாட்டிலே நகரசபைக்கு வருமான வரி அறவிடும் அதிகாரம் கிடையாது, சோலைவரியும் அனுமதிக் கட்டணமும் சந்தைக் குத்தகையுமே நாம் அறிந்தவை. அங்கே மாநிலச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது.) 1981இல் அவ்வரி நகரவாசிகளுக்கு 3 வீதமாயிற்று. மின்சாரம், தொலைபேசிச் சிட்டைகளின் மீது 5 வீதம். ஆதன வரியோ அந்நாட்டுப் பெருநகரங்கள் அறவிட்டவற்றுள் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. ஊற்றுக்கண் அடைபட்ட கிணற்றிலே வாளியைப் பெரிதாக்கினார்கள். வரி கூடக் கூட, போகக்கூடியவர்கள் எல்லாரும் போயினர். 2011ஆம் ஆண்டுக்குரிய ஆதன வரியைச் சொத்துடையோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் கட்டவில்லை என்பது பின்னர் வெளிவந்தது.

கட்டாதவர்களைக் குறை கூறுமுன் ஒன்றைக் கவனியுங்கள். சொத்தின் சந்தை விலையில் அரைப்பங்குக்கு மேல் மதிப்பிடலாகாது என்பது மிச்சிக்கனின் அரசியற் சட்டம். 2008இல் வீட்டு விலைகள் சரிந்தன. நகரசபையின் மதிப்பீடு அதற்கேற்பச் சரியவில்லை. விலை போகாத வீட்டுக்கு விலைபோன காலத்து வரி! வரி நிலுவைக்காக 2011க்கும் 2015க்கும் இடையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் ஆதனங்கள் பறிமுதலாயின. நகரத்தின் ஆதனங்களில் நான்கிலொன்று. வரி சேர்க்கப் போய் வரி இறுப்பவனையே வீதிக்கு அனுப்பிய கதை இது. நகரம் வருமானத்தையும் இழந்தது, குடியையும் இழந்தது.

அடுத்த பக்கத்தில் வருவது காணி.

வேலை போகிறதே என்ற அச்சத்தில், 1981இல், ஒரு மோட்டார்க் கம்பனியின் புதிய ஆலைக்காகப் போல்டவுண் என்ற குடியிருப்பை நகரசபை சுவீகரித்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள், கோயில்கள் பல. ‘தனியாருடைய ஆலை பொதுத்தேவையாகுமா?’ என்று குடிமக்கள் வழக்காடினர். ஆகும், வேலைவாய்ப்பும் வரி வருமானமும் பொதுத்தேவையே என்றது மாநில உச்ச நீதிமன்றம். ஆறாயிரம் வேலை என்று சொல்லப்பட்டது. ஆலை 1985இல் திறந்தது. சொன்ன எண்ணிக்கை வரவில்லை. 2004இல் வேறொரு வழக்கிலே அதே நீதிமன்றம் தனது 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பு பிழையென்று அதனைத் தள்ளிவிட்டது. சட்டம் திருந்திற்று. வீடுகள் இருந்த இடத்தில் ஆலை இருந்தது. நம்மிடையேயும், ‘ஆலை ஒன்று வருமாயின் காணியையும் கொடுக்கலாம், வரியையும் விட்டுக்கொடுக்கலாம்’ என்று பேசும் நல்லெண்ணமுடையோர் உளர். அவர்களை நாம் எதிர்க்கவில்லை. எத்தனை வேலை, எத்தனை ஆண்டுக்கு, தவறினால் காணி யாருக்கு என்ற மூன்றையும் உறுதியிலே எழுதுவிக்கும்படி மட்டும் கேட்கிறோம். வாய்ச்சொல்லை எந்த நீதவானும் நிறைவேற்றித் தரமாட்டார்.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்கள். டெட்ரோயிற்றுக்கு அகப்பட்ட இலுப்பைப்பூ சூதாட்டம்! 1996இல் வாக்காளர் அனுமதிக்க, 1999 முதல் சூதாட்ட விடுதிகள் திறந்தன. அவற்றின் வரி ஆண்டுதோறும் 15 கோடி டொலருக்கு மேல் வந்தது. அதையாவது கைக்குள் வைத்திருந்தார்களா? 2005, 2006இல் உபகாரச் சம்பள நிதிக்காக 140 கோடி டொலருக்கு மேல் கடன் வாங்கி, வட்டி ஏறினால் இலாபம், இறங்கினால் நட்டம் என்ற ஒப்பந்தங்களை வங்கிகளோடு செய்தனர். வட்டி இறங்கிற்று. 2009இல் சூதாட்ட வரியையே அந்த வங்கிகளுக்கு ஈடுவைத்தனர். சூதாட்ட விடுதிக்குள் போகாமலே நகரசபை சூதாடித் தோற்றது.

மாநில அரசு கைகொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். 1998இல், ‘உங்கள் வருமான வரியைப் படிப்படியாகக் குறையுங்கள், நாங்கள் ஆண்டுதோறும் நிலையான பங்கு தருகிறோம்’ என்று மாநிலம் வாக்களித்தது. நகரம் வரியைக் குறைத்தது. மாநிலத்துக்குக் கஷ்டகாலம் வந்ததும் பங்கு குறைந்தது. மேலிருந்து வரும் நன்கொடையை நம்பித் தன் சொந்த வரியை விட்டுக்கொடுப்பது எத்தகைய வியாபாரம் என்பதை, மானியத்தை எதிர்பார்த்து ஆண்டு தவறாமல் விண்ணப்பம் எழுதும் நமது சபை உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டும்.

பணப்பெட்டி காலியானபோது என்ன நடந்தது? வாக்குப் பெட்டியும் காலியாயிற்று. நகரங்களின் மீது அவசரகால முகாமையாளரை நியமிக்கும் சட்டம் 2011இல் மிச்சிக்கனில் பலப்படுத்தப்பட்டது. 2012 நவம்பரிலே மாநில மக்கள் வாக்கெடுப்பில் அதை நிராகரித்தனர். டிசெம்பரிலே புதிய இலக்கத்தோடு அதைப் போன்ற சட்டம் மீண்டும் வந்தது. பண ஒதுக்கீடு உள்ள சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விடமுடியாது என்ற விதியைப் பயன்படுத்தி, அதிலே ஒரு பண ஒதுக்கீட்டையும் செருகிவிட்டனர். 2013 மார்ச்சில் ஆளுநரின் நியமனம் பெற்று வந்த கெவின் ஓர் என்ற வழக்கறிஞரின் கைக்கு நகரசபையின் அதிகாரங்கள் போயின. மக்கள் தெரிவுசெய்த முதல்வரும் உறுப்பினரும் ஆசனத்தில் இருந்தனர், அதிகாரத்தில் இல்லை. 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல்வரை உறுப்பினரே இல்லாமல் உத்தியோகத்தர் கையொப்பத்திலே நடந்த உள்ளூராட்சி மன்றங்களில் வாழ்ந்த நமக்கு, அந்த நகரத்து மக்களின் மனநிலையை ஊகிப்பது கடினமன்று.

இனி உபகாரச் சம்பளம். அரசாங்க ஊழியரின் உபகாரச் சம்பளம் ஓர் ஒப்பந்தக் கடப்பாடு, அதைக் குறைத்தலாகாது என்று மிச்சிக்கனின் அரசியற் சட்டமே சொல்கிறது. இதைவிட உறுதியான பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? ஆயினும் 2013 டிசெம்பரிலே, ஒப்பந்தங்களைக் குறைக்கும் வங்குரோத்துச் சட்டம் மத்திய அரசின் சட்டம், அதன் முன் மாநிலத்தின் வாசகம் நிற்காது என்று நீதிபதி ஸ்ரீவன் றோட்ஸ் தீர்ப்பளித்தார். வருடத்துக்குச் சராசரி 19,000 டொலர் மட்டில் வாங்கிய முதியவர்களின் சம்பளத்தில் 4.5 வீதம் குறைந்தது. வாழ்க்கைச் செலவுப்படியும் போயிற்று. நகரத்தின் கலைக்கூடத்திலிருந்த ஓவியங்களை விற்காமலும் சம்பளத்தை இன்னும் வெட்டாமலும் இருப்பதற்காகத் தரும நிதியங்களும் மாநிலமும் 80 கோடி டொலருக்கு மேல் வாக்களித்திராவிடின் வெட்டு இதைவிட ஆழமாயிருக்கும். சட்டப் புத்தகத்தை நாம் மதிக்கிறோம். அதுவே நமது தொழில். ஆனால் நிதியில்லாத வேளையிலே ஒரு வாசகம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதை இவ்வழக்கிலே பார்த்துக்கொண்டோம்.

2014 டிசெம்பரில் நகரம் வங்குரோத்திலிருந்து வெளிவந்தது. 700 கோடி டொலர் மட்டில் கடன் நீங்கிற்று. விளக்குகள் மீண்டும் எரிந்தன. நகர நடுவிலே அலுவலகங்கள் நிரம்பின. எனினும் அந்த அலுவலகங்களுக்கு வருவோரிற் பெரும்பாலோர் புறநகர்வாசிகள். அவர்களுக்கு நகர வருமான வரி 1.2 வீதம். நகரத்துள் வாழ்பவர்களுக்கு 2.4 வீதம்; அவர்களிலோ பெரும்பாலோர் வேலைக்காக நகரத்துக்கு வெளியே போகின்றனர். வங்குரோத்துக் காலம்வரை வெளியூர் முதலாளி அவர்களது சம்பளத்திலிருந்து நகர வரியைக் கழித்துக் கட்டவேண்டிய கடமையும் இருக்கவில்லை. 2020இல் கொள்ளைநோய் வந்தபோது புறநகர்வாசிகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தனர். நகரத்துள் கால்வைக்காத நாளுக்கு அவர்கள் வரி இறுக்க வேண்டியதில்லை. ஆலை எல்லையைத் தாண்டியதுபோல, மேசையும் நாற்காலியும் எல்லையைத் தாண்டின.

2023ஆம் ஆண்டிலே, 1957க்குப் பின் முதன்முறையாக, நகரத்தின் சனத்தொகை சிறிதளவு கூடியதாக 2024இல் வெளிவந்த மதிப்பீடு கூறிற்று. பத்தாண்டு தவணை முடிந்து உபகாரச் சம்பள நிதிக்கு நகரம் தன் வருமானத்திலிருந்து மீண்டும் பணம் கட்டத் தொடங்கியதும் ஏறக்குறைய அவ்வேளையிலேதான். அப்பணத்தின் பெரும்பங்கு நகரத்தில் வாழ்வோரும் அங்கு வேலை செய்வோரும் கொடுக்கும் வருமான வரியிலிருந்தும், இலுப்பைப்பூச் சர்க்கரையிலிருந்தும் வருகிறது.

இனி உங்கள் வினாக்களுக்கு இடம் விடுகிறோம். காணி சுவீகரிப்பைப் பற்றிக் கேட்க விரும்பும் கமக்கார நண்பர்கள் முதலில் எழுந்திருங்கள்.