பானை உறியும் மேற்படிப்பும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் தோட்டத்து அண்ணன் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "சார், பொண்ணு பட்டம் முடிச்சிட்டா. இப்ப எகிப்துல போய் மண்ணு தோண்டற படிப்புதான் வேணும்ங்கிறா. தாத்தா காலத்துலேருந்து நாங்க தோண்டாத மண்ணா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அண்ணே, எகிப்து நமக்கு அந்நிய மண் அல்ல. செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்றொரு பழைய துறைமுகம். அங்கே சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்ததில் ஓர் உடைந்த சாடி கிடைத்தது. அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்து! ஐராவதம் மகாதேவன் அதைப் 'பானை ஒறி' என்று படித்தார். பானை வைக்கிற உறி. நம் பாட்டிமார் பூனைக்கு எட்டாமல் அடுப்படியில் தொங்கவிட்டார்களே, அதேதான். வயது ஏறக்குறைய 2,000 ஆண்டு. அதற்குத் தெற்கே பெரனிகே துறைமுகத்தில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

ஆகவே தமிழ்ப்பள்ளியில் கற்ற தமிழ் அங்கே கைமுதல். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டிவிடாதீர்கள்.

எகிப்தியல் படிக்க லிவர்பூல், லண்டன், கெய்ரோவில் இடமுண்டு. சித்திர எழுத்தோடு பிரெஞ்சு, ஜெர்மன் நூல்களையும் படித்தாக வேண்டும். இங்கிலாந்தில் ஓராண்டுப் படிப்பு. வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கட்டணமோ மிக அதிகம். தங்கச்சி, பல்கலைக்கழகத்தின் பெயரில் மயங்காதே. கடிதம் எழுதிக் கேள்: பேராசிரியர் இப்போது எந்த மண்ணில் அகழ்கிறார்? மாணவரைக் கூட்டிப் போவாரா? போகும் செலவு யாருடையது? முன்பு படித்தவர்கள் இன்று எங்கே வேலை பார்க்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதலில் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம். கெடாவில் சுங்கை பத்து, பேராக்கில் லெங்கோங் என்று அவர்கள் அகழ்ந்த களங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. எழுத்தில்தான் ஆசையென்றால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கும் தொல்லியலுக்கும் துறை உண்டு. எகிப்தைப் பிறகு உதவித்தொகையோடு பார்க்கலாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

வேலை? அருங்காட்சியகம், தேசிய மரபுடைமைத் துறை, பல்கலைக்கழகம், இடங்கள் கொஞ்சம்தான். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

இன்னொன்று. கோத்தா திங்கிப் பக்கம் ஜொகூர் லாமா, 1587-இல் போர்த்துகீசியர் அழித்த கோட்டை. 1950களில் அங்கே அகழாய்வு நடந்தது. நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பள்ளி விடுமுறையில் அந்தப் பெண்ணும் அப்பாவும் வரட்டும். வேன் நான் ஏற்பாடு செய்கிறேன். சோறு மட்டும் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், அண்ணே.