ராவில் வீரிட்டு அலறும் பிள்ளை



கிளினிக் நாளில் எங்களிடம் அடிக்கடி வருகிற முறைப்பாடு இது. "மிஸ், புள்ள ராவுல எழும்பி உக்காந்து வீல்னு கத்துது. கண்ணு தொறந்துதான் இருக்கு. தூக்குனா ஒதறுது. என்னையே யாருன்னு தெரியல." சொல்லும்போதே தாயின் கண் கலங்கிவிடும். அதற்குள் பக்கத்துக் காம்பராவில் பேய் என்று பேசியிருப்பார்கள். மாமியார் கண்ணூறு என்றிருப்பார். தூக்கம் கெட்ட கோபத்தில் தகப்பன் ஒரு அடியும் வைத்திருப்பார்.

அந்த அடிதான் எங்களுக்குப் பெரிய கவலை. ஏனென்றால் அந்த நேரம் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறது.

பிள்ளை படுத்து முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தூக்கம் மிக ஆழமாக இருக்கும். அதிலிருந்து லேசான தூக்கத்துக்கு மாறும்போது சில பிள்ளைகள் பாதி விழித்து, பாதி விழிக்காமல் நின்றுவிடும். கத்தும், வேர்க்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். சில நிமிஷத்தில், பெரும்பாலும் கால் மணித்தியாலத்துக்குள், தானாக அடங்கிப் படுத்துவிடும். காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. இரவெல்லாம் விழித்துக்கிடந்து வாடுவது நாம்தான்.

கெட்ட கனவு வேறு. அது விடியப்போகும் பக்கம் வரும். பிள்ளை நன்றாக விழித்து, "நாய் வந்திச்சி" என்று அம்மாவைக் கட்டிக்கொள்ளும். அப்போது தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த அலறல் ஏன் வருகிறது? காய்ச்சலில் வரும். குடும்பத்தில் தூக்கத்தில் நடந்தவர்கள் இருந்தாலும் வரலாம். ஆனால் நம் லயங்களில் அதிகம் பார்ப்பது தூக்கம் போதாத பிள்ளையைத்தான். 10 அடிக்கு 12 அடி காம்பரா. டீவி, லைட், பேச்சு எல்லாம் அதே இடத்தில். பிள்ளை தூங்க இரவு பத்து மணி. அம்மா நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்ட வேண்டும். ஆறு மணிக்குப் பிள்ளையை எழுப்பிச் சுற்றிக் கட்டிப் பிள்ளைக்காம்பராவில் விட்டால்தான் மலைக்குப் போகலாம். கணக்குப் பாருங்கள், இரவுத் தூக்கம் எட்டு மணித்தியாலம். 1 முதல் 2 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தோடு 11 முதல் 14 மணித்தியாலம் வேண்டும். 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13.

காலையில் பிந்தி எழுப்பச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. பேர் போய்விடும் என்று தெரியும். ஆகவே சாயந்திரத்தைத்தான் மாற்ற வேண்டும். எட்டு மணிக்கு முன் பிள்ளை படுக்கட்டும், அந்தப் பக்கத்து லைட் அணையட்டும், டீவி சத்தம் குறையட்டும். இதை அப்பாமார்தான் செய்ய முடியும். பிள்ளைக்காம்பராவில் மத்தியானத் தூக்கத்தையும் தவற விடக்கூடாது.

கத்தும்போது உலுக்காதீர்கள். முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். அடுப்பு, குப்பி விளக்கு, கட்டில் ஓரம் இவற்றிலிருந்து விலக்கி, பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மூடிய காம்பராவுக்குள் மிளகாய்ப் புகை போடுவது பிள்ளையின் நெஞ்சுக்குக் கேடு. திருநீறு பூசுவதை நாங்கள் தடுக்க வரவில்லை. கயிறு மட்டும் கழுத்தில் வேண்டாம், தூக்கத்தில் இறுகிவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்குக் கால் மணித்தியாலம் முன்னே மெதுவாகத் தட்டி, லேசாக விழிக்க வைத்து, ஒன்றுக்கு விட்டுத் திரும்பப் படுக்கப் போடுங்கள். சில கிழமை தொடர்ந்து செய்தால் பல பிள்ளைகளுக்கு நின்றுவிடும்.

கை கால் வெட்டி இழுத்தால், உடம்பு விறைத்தால், வாயில் நுரை வந்தால், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பின்பக்கம் சொறிந்து அழுதால் கீரிப்பூச்சியாக இருக்கலாம், காதைப் பிடித்து அழுதால் காது வலியாக இருக்கலாம். இரண்டையும் மருந்துக்காம்பராவில் காட்டுங்கள். பகலிலும் ஒருவரைக் கண்டு பிள்ளை நடுங்கினால், வீட்டில் குடிச் சண்டை நடந்தால், அது வேறு விஷயம். தனியாக வந்து எங்களிடம் சொல்லுங்கள். வெளியே பேச மாட்டோம்.

போன கூட்டத்தில் ஒரு அம்மாயி கேட்டார்: "சளி சிரப் ஒரு கரண்டி குடுத்தா தூங்குமே?" வேண்டாம் அம்மாயி. சாராயச் சொட்டும் வேண்டாம். அளவு கூடினால் மூச்சே நின்றுவிடலாம்.

பிள்ளை அலறுகிற இரவுகளில் கலண்டரில் நேரத்தைக் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற மூத்த பிள்ளை எழுதும். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுவாருங்கள்.